கதிருக்கு, பொன் ஒடோரி விஷயமாக

அன்புள்ள கதிருக்கு,

பினாங்கில் நடக்கும் ஜப்பானிய ஆட்ட விழாவான பொன் ஒடோரியின் ஏற்பாட்டுக் குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்களாம், அக்கா சொன்னாள். மேடை, ஸ்பீக்கர் விஷயமெல்லாம் அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம், என் நம்பர் மாறவில்லை. பரவாயில்லை. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் இது என்ன விழா என்று உன் குழுவில் இருக்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் ஒபொன் என்றால் இறந்துபோன பெரியவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாள்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. வெள்ளரிக்காயில் நான்கு குச்சி குத்திக் குதிரை செய்து வைப்பார்கள், வருகிறவர்கள் சீக்கிரம் வரட்டும் என்று. கத்தரிக்காயில் மாடு, திரும்பும்போது மெதுவாகப் போகட்டும் என்று. புத்தரின் சீடர் மொக்கல்லானர், செத்துப்போன தாய் பசியில் தவிப்பதை ஞானக்கண்ணால் கண்டு, துறவிகளுக்கு அன்னமிட்டு அவளைக் கரையேற்றினார், அந்தச் சந்தோஷத்தில் ஆடியதே இந்த ஆட்டம் என்பது கதை. தாய்க்குப் பிள்ளை செய்த காரியம். நம் ஆடி அமாவாசையும் இதை ஒட்டித்தான் வருகிறது.

மலேசியாவில் நடப்பது அந்தச் சடங்கு இல்லை, ஆட்டமும் கடைகளும் மட்டும்தான். 1977இல் இங்கே இருந்த ஜப்பானியர்கள் தங்கள் பிள்ளைகள் ஊர் வழக்கத்தை மறக்கக்கூடாது என்று ஆரம்பித்தது, இன்று சிலாங்கூரின் ஷா ஆலமில் மலேசியர்கள் கூட்டமே அதிகம். இதை மலாய், தமிழ், சீனம் எல்லாவற்றிலும் நுழைவாயிலில் எழுதி வை. 2022இல் சமய விவகார அமைச்சர் முஸ்லிம்கள் போக வேண்டாம் என்று சொல்லப்போய், சிலாங்கூர் சுல்தான் தலையிட்டு, தடுக்கக்கூடாது என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. கடைசியில் 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். சந்தேகத்தோடு வருகிறவருக்கு முதலிலேயே விளக்கம் சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமில்லை. மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே இடைவேளையாகப் போட்டுவிடு. ஜூலையில் அது பினாங்கில் ஏழே முக்கால் மணி வாக்கில் வரும். பாட்டு நடுவில் சட்டென்று நிறுத்துவதுதான் அசிங்கம்.

இனி மேடை. யாகுரா என்பது மைதானத்தின் நடுவில் நிற்கும் இரண்டடுக்குக் கோபுரம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆடுவார்கள். கீழ்த்தட்டில் ஆடிக் காட்டுகிறவர்கள், மேல்தட்டில் மேளம். இரும்புச் சாரத்தில்தான் கட்டுவார்கள். மேல்தட்டுப் பலகை அதிர்ந்தால் மேளம் நகரும், அடிக்கிறவர் தடுமாறுவார். சாரப் பலகைக்கு மேலே தடித்த பிளைவுட் போட்டு முடுக்கச் சொல். உன் இடம் எஸ்பிளனேட், கடற்காற்று அடிக்கும். உச்சியிலிருந்து நாலா பக்கமும் இறங்கும் விளக்குச் சரத்தை வெறும் வயரில் தொங்கவிட்டால் அறுந்துவிடும். முதலில் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டி, அதில் வயரைக் கட்ட வேண்டும். காகித லாந்தர் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். பெரிய மேளத்தின் தோல் ஆணியடித்தது. ஈரத்தில் தொய்ந்தால் அங்கே வைத்து இழுக்க முடியாது, காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கயிறு கட்டிய சின்ன மேளத்தை இறுக்கிக்கொள்ளலாம். மழைக்கு ஒரு தார்ப்பாயை மேல்தட்டிலேயே மடித்து வை, கீழே வைத்தால் ஏறி வருவதற்குள் நனைந்துவிடும்.

ஸ்பீக்கரில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். எல்லாவற்றையும் கோபுரத்தில் மாட்டினால் வெளிவட்டத்துக்குச் சத்தம் லேட்டாகப் போகும். சத்தத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். 35 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் கைதட்டும் இடத்தில் உள்வட்டமும் வெளிவட்டமும் தனித்தனியாகத் தட்டுவது நன்றாகவே காதில் விழும். சரி, வெளியிலும் ஸ்பீக்கர் வைப்போம் என்று சும்மா வைத்தால், வெளி ஸ்பீக்கர் பக்கம் நிற்பவனுக்கு ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும். கோபுரத்திலிருந்து எத்தனை மீட்டரோ அதை மூன்றால் பெருக்கி, அத்தனை மில்லிசெகண்ட் டிலே, அதாவது தாமதம், வெளி ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும். 40 மீட்டர் என்றால் 120. வெளியே நிற்பவனுக்கு இதனால் இரட்டைச் சத்தம் அடங்கும். வெளிவட்டக் கைதட்டலுக்கு மருந்து, கோபுரத்தில் ஆடுகிறவரின் கையைப் பார்த்து ஆடுவதுதான். அதற்குக் கீழ்த்தட்டில் நல்ல விளக்கு வேண்டும்.

வட்டம் எத்தனை பேருக்கு என்று முன்பே கணக்குப் போடு. 8, 12, 16 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால், ஆளுக்கு ஒரு மீட்டர் வீதம் 50, 75, 100 பேர் நிற்கலாம். ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. காரணம் தாங்கோ புஷி. கியூஷுவின் மீக்கே சுரங்கப் பாட்டு. நிலக்கரியைத் தோண்டு தோண்டு, தோளில் தூக்கு தூக்கு, பின்னால் போய்ப் பார், பின்னால் போய்ப் பார், வண்டியைத் தள்ளு தள்ளு, கையை விரி, தட்டு. அந்தப் பின்னால் போகும் இடத்தில் தெரியாதவன் முன்னால் போவான், பின்னாலிருப்பவன் காலை மிதிப்பான். ஆகவே தெரிந்தவர்கள் உள்வட்டத்தில், புதியவர்கள் வெளியே. இரண்டு வாரம் முன்னாலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடு. ஜப்பானியப் பெரியம்மாக்களே வந்து சொல்லித் தருவார்கள், கூச்சப்படாமல் கேள். கேட்கிறதற்கு நீ எப்போதும் தயங்குவாய், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

யுகாட்டா என்னும் பருத்தி உடையில் இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்துவது. செல்பியில் கேமரா புரட்டிக் காட்டும், அதைப் பார்த்துச் சரியாகக் கட்டியதை அவிழ்க்கிற ஆட்களும் உண்டு. கெத்தா செருப்பின் வார் கால்விரல் இடுக்கை அறுக்கும், போடுமுன்பே பிளாஸ்டர் ஒட்டச் சொல்.

சாப்பாட்டுக் கடைகளில் போர்டு தெளிவாக இருக்கட்டும். மிரினிலும் சாக்கேயிலும் ஆல்கஹால் உண்டு, ஹலால் கடையில் அவை நுழையவே கூடாது. சைவக்காரர்கள் ஏமாறுவது தாஷி என்னும் சாற்றில். ஒகோனோமியாக்கி என்னும் முட்டைக்கோஸ் அடையின் மாவு, யாக்கிசோபா என்னும் வறுத்த நூடுல்ஸின் சாஸ், நூடுல்ஸ் சாறு என்று காய்கறிபோலத் தெரிகிற பலதிலும் மீன் சாறு இருக்கலாம். கொம்பு கடற்பாசியிலும் காய்ந்த ஷீத்தாக்கே காளானிலும் எடுத்த சாறு போட்டு ஒரு கடையாவது வைக்கச் சொல். அம்மாவைப்போல ஒருத்தி வந்தால் கையில் தட்டோடு நிற்க வேண்டாமா? தங்கமீன் பிடிக்கும் கடை வேண்டாம். பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை வீடு போய்ச் சேருமுன் இந்த வெயிலில் செத்துவிடும். ரப்பர் பந்தை விடு, அதே காகித வலையில் அள்ளட்டும்.

இத்தனை பேரில் உன்னைத் தேடிக் கேட்டிருக்கிறார்களே, அதில் எனக்குப் பெருமைதான். பெரியப்பாவிடமும் சொன்னேன். கம்பெனியில் உன்மேல் மரியாதை இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஊரார் வீட்டு முன்னோருக்கு மேடை கட்ட நேரம் இருக்கிறது என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

பாட்டிக்கு முதல் ஆடி அமாவாசை இது. மோரிப் கடற்கரைக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், ஐயர் வருகிறார். எள், தர்ப்பை எல்லாம் வாங்கியாயிற்று. அன்றைக்கு வாசலில் நடந்த பேச்சை நான் எடுக்க மாட்டேன், அக்காவும் எடுக்க மாட்டாள். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் ஏறினால் கோலாலம்பூர் சென்ட்ரல், அங்கிருந்து கொமூட்டர் ரயில், கிள்ளானில் நான் காரோடு நிற்பேன். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் சொல்கிறேன்.

டிலே கணக்கைச் சவுண்ட்காரரிடம் எழுதியே கொடு. மீட்டர் பெருக்கல் மூன்று. வாயால் சொன்னால் பண்ண மாட்டார்கள்.

அப்பா