ரதியின் சேலை

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். கட்டாரில் நீ நலமாக இருக்க மாரியம்மா துணை. போன கிழமை போனில், "இந்த வயசில் மழையில் நனைந்துகொண்டு என்ன வகுப்பு அப்பா?" என்று கேட்டாய். பேச்சில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

கொழும்புப் புறக்கோட்டையில் இரும்புக்கடை வேலை, 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒற்றைப் பையோடு திரும்பி வந்து மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலை, இடையிடையே வீதி நாடகம். எந்த வேலையில் இருந்தாலும் மாசி பிறந்தால் காமன் கூத்துக்கு விரதம் இருந்துவிடுவேன். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் ஆடியிருக்கிறேன். ஆனாலும் என் வேஷம் ரதிதான். மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், மன்மதன் எரியும் வரை நான் வேறு ஆள்.

உனக்கு அப்போது ஆறு வயது. தப்பு மேளம் அடித்துக்கொண்டு தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக வந்தோம். நம் வாசலில் அம்மா என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். நீ அவள் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு "அப்பா எங்கே?" என்று அழுதாய். வேஷத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம் ராசாத்தி. எத்தனையோ மாசி போய்விட்டது, அது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு நாடகமும் அரங்கியலும் பாடம் எடுத்த பதினொரு பிள்ளைகள், சனிக்கிழமைகளில் என்னிடம் கூத்துப் பழக வருகிறார்கள். கூத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், தப்புக்கு ஓரடி வைத்தது கிடையாது. அதில் ஒரு பெண் பிள்ளைக்குக் குரலே வெளியே வராது. அவளுடைய அம்மா கொழும்பில் வீட்டு வேலை. அவளை லயத்தின் முதல் காம்பரா வாசலில் நிறுத்தி, நான் கடைசிக் காம்பரா வாசலில் நின்றேன். தகரத்தில் மழை. "கத்தாதே அம்மா, கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்லு" என்றேன். மூன்று கிழமை பாதி வசனம்தான் வந்தது. போன சனிக்கிழமை, மன்மதனைத் தேடி ரதி கேட்கும் இடத்தில், "எங்கே?" என்ற அந்தச் சொல் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்தது. அன்றைக்கு நம் வாசலில் கேட்ட உன் குரல் போலவே இருந்தது. பிறகு என்னால் வகுப்பை நடத்த முடியவில்லை, பிள்ளைகளை வேளையோடு அனுப்பிவிட்டேன்.

பாடசாலை மேடையில் அவள்தான் ரதி. நான் கட்டி ஆடிய அம்மாவின் மெரூன் சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் எடுக்க மனசு வரவில்லை.

அன்புடன்,
அப்பா