செயலாளர் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கும் பாடகர் குழு அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸாப்பில் போகும்.

குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் ஆராதனைகளில் பாடினோம். அறுப்பின் பண்டிகையிலும் பாடினோம். கிறிஸ்மஸ் கேரல் சுற்றின் இரண்டாம் இரவு மழை பிடித்துக்கொண்டதால் கோலாலம்பூர் செந்தூலில் சில வீடுகளை முடித்ததோடு திரும்பிவிட்டோம். செயற்குழு ஒழுங்காகக் கூடியது, சில தடவை கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள்) இல்லாமல்.

ஜூலையில் நம் பாட்டு மாஸ்டர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெயர் சொல்லத் தேவையில்லை, நமக்கு மாஸ்டர் என்றால் ஒருவர்தான். அடக்க ஆராதனையில் கோயில் கொள்ளவில்லை. "நானும் அவரிடம் பாடியவன்" என்று சொல்லாதவர் இல்லை. அதே ஆண்டின் பயிற்சி வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் பார்க்கலாம்.

மாஸ்டர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைவேலை தெரிந்தவர் என்பதால் ஆர்மோனியத்தின் உள்ளே ஒலி எழுப்பும் பித்தளை ரீடுகளை அவரே கழற்றித் துடைத்து மாட்டுவார். அவர் மனைவி, நம் ஆன்ட்டிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். காரில் கூட்டிக்கொண்டு போய், நாலு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவார். சனிக்கிழமைப் பயிற்சியை நாலு மணியிலிருந்து ஏழரைக்கு மாற்றியது அதற்காகத்தான். செயலாளர் தன் இஷ்டத்துக்கு நேரத்தை மாற்றுகிறார் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. மாற்றியது நான்தான். மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் மாற்றுவேன்.

அந்த நாலு மணி நேரத்தில் அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்கள்தான் இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட வேலை. குடும்பத்தார் மனமுவந்து கொடுத்தார்கள். மேல்நாட்டு மெட்டுப் பாமாலைகளுக்கு நாலு குரலும் சோல்ஃபாவில், அதாவது சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையில், முக்காற்புள்ளி ஒன்றுகூடப் பிசகாமல் எழுதியிருக்கிறார். சோல்ஃபாவின் வசதி இளையவர்களுக்குத் தெரியாது. ஆதாரச் சுரமான 'ட'வை எங்கே வைக்கிறோமோ அங்கிருந்து எல்லாச் சுரமும் தானாக நகரும். சுருதியை ஒரு கட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் எழுதியதை மாற்ற வேண்டாம். (கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்கிறார்கள். சரி, இருக்கட்டும்.) கீர்த்தனைகளுக்கு மட்டும் நாலு குரல் கிடையாது. கீர்த்தனைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம் வைத்துப் பாடியதை, பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு (chord) போட்டு நசுக்கக்கூடாது என்பது மாஸ்டரின் கட்சி. "அப்படியானால் ஆர்மோனியம் மட்டும் கமகம் பேசுமா?" என்று சுரத்தின் குழைவைச் சொல்லி நான் மடக்கினால், அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்து 1971 வரை உள்ளே விடாத கதையை ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அன்றைக்குப் பயிற்சி நடந்த மாதிரிதான்.

ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனைக் கீர்த்தனை ஒன்றின் மேலே சிவப்பு மையில் "2½ கட்டை. வீட்டில் வந்தால் 2" என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்த மறுநாள் ஆன்ட்டிக்குக் குரல் ஏறாது. அவர் வரிசையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மாஸ்டர் அரைக் கட்டை இறக்கி ஆரம்பிப்பார். சபை முழுவதும் கூடவே இறங்கிப் பாடியிருக்கிறது. முன்வரிசையில் நின்ற டெனர்களுக்குக்கூட (ஆண்களின் மேல் குரல்) அது தெரியவில்லை.

நோட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்ய ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது மாஸ்டரின் பேத்தி ஒருத்திதான். அந்தப் பிள்ளைக்கு நன்றி. மற்ற நாலு பேரின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்திருந்தது, உள்ளே பூஞ்சை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் கொடுத்துப் பழுது பார்த்தேன். பொதுக்கூட்டத்தைக் கேட்காமல் செய்தது ஏன் என்று கேட்கப்பட்டது. கூட்டம் கூடக் கோரம் வேண்டும், நினைவு ஆராதனைக்கோ ஆர்மோனியம் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நம் கைக்கு எட்டியது. செலவு கணக்கறிக்கையில் 'இதர செலவுகள்' என்ற வரியில் இருக்கிறது.

கணக்கு விவரம் பொருளாளர் தருவார். சுருக்கமாகச் சொன்னால் வரவு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் அதிகம், கையிருப்பு சமாளிக்கும் அளவில் இருக்கிறது. மாதச் சந்தா ஐந்து ரிங்கிட். ஒரு தே தாரிக் டீயும் ரொட்டி சானாயும் வாங்கினால் அது முடிந்துவிடும். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் பாதிக்கு மேல். மாஸ்டரின் பெயருக்கு எதிரே ஜூன் வரை கட்டியதாக ரசீது இருக்கிறது. மே மாதமே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட மனிதர், மகனிடம் கொடுத்தனுப்பினார்.

போதகர் ஐயாவுக்கும், இடம் தந்த சபைக்கும், சாப்பாட்டுக்கு உதவிய பெண்கள் ஐக்கியத்துக்கும், ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆர்மோனியம் சரியாக இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. சோல்ஃபா சொல்லிக்கொடுக்க நானும், இன்னும் ஒரு மூத்த சகோதரரும் தயார். சனிக்கிழமை ஏழரை மணிக்கு உட்கார நாலு பிள்ளைகள் கிடைத்தால் போதும். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். அப்புறம், இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பொறுப்பாளர் பட்டியலோடு சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயாக வேண்டும். செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு முன்மொழிவும் வரவில்லை. உடல்நிலை காரணமாக நான் விலகிக்கொள்ள நினைக்கிறேன், வற்புறுத்தினால் யோசிக்கலாம்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் அவரைத் தாண்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்