அருவியும் ஜிப்லைனும்: முதலில் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் ‘ஒரே நாளில் ஜிப்லைனும் அருவி நடையும்’ என்ற வகைக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. (ஜிப்லைன் என்பது உயரத்தில் கட்டிய வடத்தில் கப்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் விளையாட்டு.) எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. இவ்விரண்டில் எதை முதலில் வைத்துக்கொள்வது என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பக் காணோம். பல ஆண்டுகள் மலையேற்றக் குழுக்களுடன் நடந்தவன் என்ற முறையில், அந்த நாளுக்கான ஆயத்தத்தில் பாதி இக்கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பலரும் ஜிப்லைனைக் காலையில் முடித்துவிட்டு, வெயிலேறிய பின் குளிப்பது இதம் என்று பிற்பகலில் அருவிக்கு நடக்கிறார்கள். ஆனால் வெப்பமான பருவத்தில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் திரள்வது பிற்பகலில்தான்; தரை சூடேறி, ஈரக்காற்று சரிவு வழியே மேலெழுந்து மேகமாவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த வேளையில் ஜிப்லைன் மேடையில் இருந்தால், இடி கேட்டதும் பணியாளர்கள் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நமக்குப் போவது ஒரு சறுக்கல் மட்டுமே. ஓடைப் படுகையில் அப்படித் தடுத்து நிறுத்த ஆளில்லை. நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல், மேலே எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடக்கூடும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கனப்பது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், கழற்றி வைத்த பையைத் தேடிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். விரைந்தோடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்தவரின் காலை வாரிவிட முடியும்.

ஆகவே அருவி காலையில், ஜிப்லைன் பிற்பகலில் என்பதே என் முடிவு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜிப்லைனுக்கு முன்பதிவு செய்த நேரம் இருக்கிறது. அதைப் பிடிப்பதற்காகப் பாசி படிந்த பாறைகளின் மேல் ஓட்டமும் நடையுமாக இறங்குகிறார்கள். வழுக்கி விழுந்தவர்கள் பலரை இறக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். கால் சோர்ந்திருக்கும், மனம் அடுத்த இடத்தில் இருக்கும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இங்கே உதவும்: 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். போய்வர 6 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர் என்றால் ஒரு மணி 42 நிமிடம் ஆகும். அது திடகாத்திரமானவர் ஓய்வின்றி நல்ல பாதையில் நடப்பதற்கான கணக்கு. குழந்தைகளும் ஈரப்பாறையும் உள்ள வழிக்கு நான் அதை இரட்டித்து, அருவியடியில் தங்கும் நேரத்தையும் சேர்த்த பிறகே முன்பதிவு செய்வேன். அப்படியும் தாமதமானால் விட்டுக்கொடுக்க வேண்டியது ஜிப்லைனைத்தான் என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசி முடித்துவிட வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணம் மலையில் நல்ல ஆலோசகர் அல்ல.

அருவிக்குப் பின் ஜிப்லைன் என்றால் மாற்றுடையும் உலர்ந்த காலணியும் கட்டாயம். நனைந்த பருத்தி உடை காற்றில் உடலின் சூட்டை விரைவாக உறிஞ்சிவிடும். கையுறையால் வடத்தை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் முறை உள்ள இடங்களில் நனைந்த கையுறை சரியாகப் பிடிக்காது. விரித்த கூந்தலும் தொங்கும் துணியும் கப்பியில் சிக்கும். எடை வரம்பை முன்பதிவுக்கு முன்பே கேட்டறிவது நல்லது: எடை குறைந்தவர் பாதி வழியில் நின்றுவிடக்கூடும், மிகுந்தவர் இறங்குமேடையை வேகமாக வந்து மோதக்கூடும். முதுகுப் பையும் அந்த எடையில் சேரும். கேட்கும்போது நாலைந்து கிலோவைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தாக்கில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகலாம் என்பதால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஒரு விசிலையும் எடுத்துச் செல்வது போதுமானது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கோரும் குறி.

இத்தகைய இடங்களைப் பற்றிய கட்டுரைகளை இனி வெளியிடும்போது நடைவழியின் தொலைவு, ஏற்றம், ஓடையைக் கடக்க வேண்டிய இடங்கள், ஜிப்லைனின் எடை வரம்பு ஆகிய நான்கையும் படங்களுக்குக் கீழே ஒரு சிறு கட்டத்தில் தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்தைக் குறைத்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்