ஹேப்டோகுளோபினைப் பிடிக்கும் முயல்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. ரத்த வங்கிப் பொறுப்பு முழுக்க உன் தலையில் விழுந்ததற்கு வாழ்த்துச் சொல்வதா, அனுதாபம் சொல்வதா என்று தெரியவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் அம்மாவுக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்லு என்று என்னிடம் தினமும் சொல்கிறாள், ஏதோ நான்தான் போடுகிறவள் மாதிரி.

லேபில் இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். ஹேப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம்தான். உனக்கு இது பழகின சரக்கு. ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் சிவப்பணுக்கள் உடைந்தால், வெளியே கொட்டும் ஹீமோகுளோபினை இது போய்க் கவ்விக்கொள்கிறது. அந்த ஜோடியை ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்கள் சீக்கிரமே விழுங்கிவிடுகின்றன. ரிப்போர்ட்டில் அளவு சரிவது அதனால்தான். ரத்தம் எடுக்கும்போது ட்யூபிலேயே செல் உடைந்துபோனால் சீரம் சிவக்குமே தவிர அளவு அப்படிச் சரியாது. ட்யூபுக்குள் ஈரலுக்கு எங்கே போவது!

நீங்கள் மெஷினில் எண்ணாகப் பார்ப்பதை நாங்கள் வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறையில், பட்டையாகப் பார்க்கிறோம். அதற்குப் புதிதாக ஒரு ஆன்டிபாடி வாங்கியிருக்கிறோம். மனித ஹேப்டோகுளோபினை முயலுக்கு ஊசி போட்டு எடுத்த பாலிகுளோனல், அதாவது புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிக் கலவை. முதல் பிளாட் வந்ததும் எங்கள் ஆராய்ச்சி மாணவிக்கு முகம் தொங்கிவிட்டது. எல்லா லேனிலும் (ஒரு சீரத்துக்கு ஒரு லேன்) 40 கிலோடால்டன் எடைப் பக்கத்தில் தடித்த, ஓரம் மழுங்கிய ஒரு பட்டை. அதற்குக் கீழே ஒருவருடைய சீரத்தில் 18 பக்கம் மட்டும் ஒன்று, இன்னொருவருக்கு 18, 9 இரண்டும். "ஆன்டிபாடி சரியில்லை மேடம், கம்பெனிக்கு எழுதிடலாமா?" என்றாள்.

எழுதவேண்டியதில்லை. மேலே இருப்பது ஹேப்டோகுளோபினின் பீட்டா சங்கிலி. அதன்மேல் சர்க்கரை ஒட்டியிருப்பதால்தான் அந்த மழுங்கல். கீழே இருப்பவை ஆல்ஃபா. அது ஆளுக்கு ஆள் மாறும்: சிலருக்குச் சின்னது, சிலருக்குப் பெரியது, சிலருக்கு இரண்டும். முறையே 1-1, 2-2, 2-1 என்று மூன்று வகை. 1955-ல் டொராண்டோவில் விஞ்ஞானி ஆலிவர் ஸ்மிதீஸ் கண்டது இதைத்தான். சின்ன வயதில் அம்மா துணிக்குப் போட்ட கஞ்சி ஆறினதும் கட்டியாக இறுகியது அவருக்கு நினைவுக்கு வர, ஸ்டார்ச்சையே காய்ச்சி ஜெல் ஆக்கினார். அதில் மின்சாரம் பாய்ச்சிச் சீரத்தை ஓட்டினால் ஆளுக்கொரு கோலம். ஆண், பெண் வித்தியாசமோ என்றுகூட முதலில் நினைத்திருக்கிறார். பரம்பரையாக வருவது என்பது பிறகுதான் தெரிந்தது. 2007-ல் நோபல் வாங்கியது வேறு வேலைக்கு, எலிகளில் ஜீனைக் குறிவைத்து மாற்றியதற்கு. எனக்கென்னவோ இந்தக் கஞ்சி ஜெல்தான் பிடித்திருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வேறு பட்டைகள் மேல். 50-லும் 25-லும் மங்கலாக ஏதோ தெரிகிறது. சீரம் என்றாலே ஐஜிஜி என்ற ஆன்டிபாடி கொட்டிக் கிடக்கும். அதன் கனச்சங்கிலியும் லேசான சங்கிலியும் சரியாக அந்த இடங்களில்தான் ஓடும். முயல் ஆன்டிபாடியைப் பிடிக்க நாங்கள் மேலே ஊற்றும் ஆட்டு ஆன்டிபாடி, மனித ஐஜிஜியையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறது போல. முயலை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் போட்டு ஒரு பிளாட் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். இத்தனைக்கும் ஹேப்டோகுளோபின் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் இருக்கிற புரதம். சீரத்தை நன்றாக நீர்க்கவிட்டாலே போதும். பிள்ளைகள் கேட்டால்தானே? பட்டை பளிச்சென்று தெரியவேண்டும் என்று அள்ளி ஊற்றுகிறார்கள்.

இதே ஆன்டிபாடியைப் போன தடவை வாங்கிய லாட்டில் இந்தத் தொல்லை இல்லை. விற்றவர்களிடம் கேட்டால், அதே பொருள்தான் என்று ஒரே பதில். அதே பொருள் எப்படி ஆகும்? அந்த முயல் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். இது வேறு முயல். மோனோகுளோனல் வாங்கேன் என்பாய். 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் வழிகாட்டியதிலிருந்து மாறாத ஆன்டிபாடி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பிடிப்பது புரதத்தின் ஒரே ஒரு இடத்தை. பிளாட்டுக்காக எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளில் கொதிக்கவைத்ததும் அந்த இடமே குலைந்துபோனால், புரதத்தைக் குலைக்காமல் அளக்கும் எலைசாவில் அருமையாக வேலை செய்கிற ஆன்டிபாடி பிளாட்டில் வாய் திறக்காது.

குப்பிமேல் ஒட்டியிருக்கும் பெயரை ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்றால், இதே புரதக் குடும்பத்தில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. குடல் கசிவுக்கு அடையாளம் என்று சொல்லப்படும் ஸோனுலின் என்ற புரதம், ஹேப்டோகுளோபின் 2-இன் வெட்டுப்படாத முன்வடிவம்தான் என்று 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. அதை அளக்க எலைசா கிட்டும் விற்பனைக்கு வந்தது, ஆய்வுக் கட்டுரைகளும் குவிந்தன. 2018-ல் ஜெர்மனியில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. 1-1 வகைக்காரர்களிடம் அந்த முன்வடிவம் இருக்கவே வழியில்லை. அவர்களிடமும் கிட் எண் காட்டியது! அது பிடித்துக்கொண்டிருந்தது வேறு புரதங்களை. அதை நம்பி எழுதிய கட்டுரைகளை எல்லாம் யார் திரும்ப வாங்கப்போகிறார்கள், சொல்லு.

அதனால்தான் உன்னிடம் ஒரு உதவி. எனக்கு ஹேப்டோகுளோபினே இல்லாத மனித சீரம் வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அற்பம். ஆனால் தாயிடமிருந்து வந்த ஐஜிஜி மட்டும் நிறைய இருக்கும். அதில் 40 பட்டை காணாமல்போய் 50-உம் 25-உம் அப்படியே நின்றால் விஷயம் தீர்ந்தது. உங்கள் பிரசவ வார்டில் குரூப் பார்க்க எடுப்பதில் மிஞ்சுவது கீழேதானே போகிறது? எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கான படிவத்தை இங்கே நான் நிரப்பிவிடுகிறேன். அங்கே யார் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுது. பெயர், விலாசம் எதுவும் எங்களுக்கு வேண்டாம், தேதி போதும்.

சின்னவனுக்குக் கணக்கு வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாயே, லீவுக்கு இங்கே அனுப்பு. அம்மாவுக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

அன்புடன்,
வசந்தி