அடையாறு முகத்துவாரத்தை மீட்கும் மக்கள் பணிக்கு மூன்றாண்டு அனுமதியும் பொதுக் கணக்கும் கோரும் மனு

அனுப்புநர்:
அடையாறு முகத்துவாரத்தின் இருகரை மக்கள், மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள் சார்பில் கையொப்பமிட்டுள்ளோர்,
சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: அடையாறு கழிமுகத்தில் மக்கள் பங்கேற்புடன் நடக்கும் சீரமைப்புப் பணிக்கு, ஒருநாள் அனுமதிக்குப் பதிலாக மூன்றாண்டு எழுத்துபூர்வ அனுமதி வழங்கவும், அதற்காகத் திரட்டப்படும் நிதிக்குப் பொதுக் கணக்கு ஏற்படுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துக்கும் இடையே, உடைந்த பாலத்தை ஒட்டி அடையாறு கடலில் சேர்கிறது. இந்த முகத்துவாரத்தையும், அதன் பின்னால் விரிந்து கிடக்கும் சேற்றுப் படுகைகளையும், அலையாத்தி மரங்களையும் மீட்டெடுக்க இருகரை மக்களும் உழைப்பையும் கைக்காசையும் தர முன்வந்திருக்கிறோம். வேலைக்கு ஆள் இருக்கிறது. கொடுக்க மனமுள்ளவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பால் கொண்டுசெல்லும் அரசு உத்தரவு ஒன்றுதான் இல்லை. அதைத் தங்களிடம் கேட்கவே இந்த மனு.

கழிமுகம் உயிரோடு இருப்பது கடல் நீர் உள்ளே வந்து போவதால். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வற்றும்போது உப்புநீர் ஆற்றுக்குள் நுழைகிறது. அதோடு மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வந்து, அமைதியான ஆழமற்ற நீரில் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைகிறது. அலை தள்ளிவரும் மணலை அப்புறப்படுத்தும் விசை ஆற்றுக்கு இருப்பதில்லை. மணல் திட்டு வளர்ந்து வாய் அடைபடுகிறது. அதன்பின் உள்ளே தேங்குவது பெரும்பாலும் கழிவுநீர்தான். நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து மீன் செத்து மிதக்கிறது, கொசு பெருகுகிறது, உப்பு தாங்காத ஆகாயத்தாமரை உப்பு குறைந்த அந்த நீரில் கீழ்நோக்கிப் பரவுகிறது. வாய் திறந்து உப்புநீர் ஏறினால் அதே ஆகாயத்தாமரை வாடத் தொடங்கும். இதையெல்லாம் எந்தக் கருவியும் இல்லாமல் முதலில் சொல்பவர்கள் கரையோர மீனவர்கள். அவர்கள் பேச்சு இதுவரை எந்தத் திட்ட அறிக்கையிலும் உரிய இடம் பெறவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்த நீர் கடலுக்குப் போக இருந்த வழி இந்த முகத்துவாரம்தான். அந்த நாட்களில் மீனவர்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்து மக்களை மீட்டார்கள். நிவாரணத்துக்கு ஆளும் பொருளும் யாரும் கேட்காமலே குவிந்தன. பேரிடருக்குப் பின் ஓடிவரும் அந்தக் கைகளுக்கு, அடுத்த பேரிடருக்கு முன்பே ஒழுங்கான வேலை கொடுக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். முகத்துவாரத்தைத் தூர்வாருவதும், கழிவுநீர் ஆற்றில் கலப்பதை நிறுத்துவதும் அரசின் வேலை. இயந்திரமும் பொறியியல் கணக்கும் நிரந்தர நிதியும் வேண்டிய அந்தப் பணிகளை மக்கள் கைகளால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கழிவுநீர் விழும் குழாய்வாய்களில் எந்தத் தன்னார்வலரையும் இறக்கமாட்டோம். மக்கள் உழைக்கிறார்கள் என்பதைக் காட்டி அந்தக் கடமைகள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

ஆனால் இயந்திரம் செய்யக் கூடாத வேலைகளும் இங்கே இருக்கின்றன. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களில் பிளாஸ்டிக் பைகள் சிக்கிக்கொள்கின்றன. மேலே போர்த்திக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி மரம் பட்டுப்போகும். பொக்லைன் இறங்கினால் வேரே நொறுங்கும். அங்கே வேண்டியது ஓதம் வற்றிய நேரத்தில் பொறுமையாகக் குனிந்து எடுக்கும் கைகள். விதை முதிரும் பருவத்தில் கண்டல் விதை சேகரித்து நாற்றங்காலில் வளர்ப்பது, கரையில் அடர்ந்துவிட்ட சீமைக் கருவேலத்தை வேரோடு களைவது, நீரின் உப்புத்தன்மையையும் உயிர்வளியையும் வாரந்தோறும் அளந்து எழுதுவது, பறவைகளைக் கணக்கெடுப்பது எல்லாம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செய்யக்கூடியவை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்களை நம்பித்தான் நடந்துவருகிறது.

இப்போது நடப்பது என்ன? ஒவ்வொரு முறையும் ஒருநாள் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறோம். மணற்பரப்பு ஒரு துறை, நீர் இன்னொரு துறை, மரம் வேறொரு துறை, அள்ளிய குப்பை மற்றொன்று. கடிதங்கள் சுற்றிவந்து அனுமதி கிடைக்கும் நாளில் ஓதம் உச்சத்தில் இருக்கும். சேற்றில் கால் வைக்க முடியாது. குப்பை நிரம்பிய மூட்டைகளை ஏற்ற வண்டி வராமல் போனால் அவை கரையிலேயே கிடந்து, கிழிந்து, ஏறும் நீரில் மறுபடி ஆற்றுக்குள் போய்விடுகின்றன. அதிகாலையில் வந்து உழைத்த கல்லூரிப் பிள்ளைகள் மறுவாரம் அதே குப்பையை அதே இடத்தில் பார்க்கும்போது, அடுத்த அழைப்புக்கு எப்படி வருவார்கள்?

ஒருநாள் ஏற்பாட்டின் இன்னொரு கேடு, அது கூட்டத்தைத்தான் கூட்டும். நூற்றுக்கணக்கானோர் ஒரே காலையில் சேற்றுப் படுகையில் இறங்கி மிதித்தால், உள்ளான் பறவைகள் இரையாகத் தேடும் புழுவும் சிறுநண்டும் நசுங்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கும் காலம். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமைகள் எனப்படும் கடல் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். அப்போது மணலில் விளக்கு வெளிச்சமே கூடாது. எப்போது வேலை செய்வது என்பதைவிட எப்போது விலகி நிற்பது என்பது கழிமுகத்தில் முக்கியம். சிறு குழுக்கள், அடிக்கடி, சரியான பருவத்தில் என்ற முறைக்கு ஆண்டு முழுவதையும் பார்த்து வகுத்த அட்டவணை வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு இதே கடற்கரையில் சான்று இருக்கிறது. மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல், பருவந்தோறும் நள்ளிரவில் மணலில் நடந்து, ஆமை முட்டைகளைப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றிவருகிறது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மாறியும் அந்த நடை நிற்கவில்லை. வனத்துறையின் ஒப்புதலோடு ஒவ்வோர் ஆண்டும் தொடரும் பொறுப்பாக அது இருப்பதே காரணம் என்று கருதுகிறோம். பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, அழிந்துபோன அலையாத்திப் பரப்பில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே போய்வர வழிசெய்த பிறகே கன்றுகள் பிழைத்தன. அந்த வாய்க்கால்களில் வண்டல் படியும். தொடர்ந்து தூர் எடுக்க ஆள் வேண்டும். அங்கே அதைக் கவனிக்கக் கிராமத்தார் இருந்தார்கள். அடையாறு உப்பங்கழியிலேயே, இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தை மீட்டு 2011இல் அரசு பூங்காவாகத் திறந்தது. சீர்கெட்ட நீர்நிலை திரும்பும் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

இனி பணம் பற்றி. எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கையுறை, முட்டிவரை காலணி, நாற்றங்கால் நிழல்வலை, அளவைக் கருவிகள், தன்னார்வலர்களுக்கு எலிக்காய்ச்சல், டெட்டனஸ் முன்னெச்சரிக்கை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. தருபவர்கள் தருகிறார்கள். ஆனால் அந்தப் பணம் யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கிலோ கைப்பேசிச் செயலியிலோ சேர்வது நல்லதல்ல. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் கேள்வி வரும். கேள்வி வந்த இடத்தில் நம்பிக்கை போகும். அதோடு வேலையும் நிற்கும்.

பெரிய நிதியின் சிக்கல் வேறு. நிறுவனங்கள் சட்டம் 2013இன் பிரிவு 135, வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழலும் நீர்ப் பாதுகாப்பும் அதற்குத் தகுதியான பணிகள். தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் பணியைத் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஆனால் ஒருநாள் அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த நிறுவனம் மூன்றாண்டுக்கு உறுதி தரும்? அதனால்தான் கன்று நடும் நாளுக்குப் பணம் கிடைக்கிறது, நட்ட கன்றைப் பேணும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குக் கிடைப்பதில்லை. பேணாத நடவு பெரும்பாலும் வீண் என்பதைக் கழிமுகத்தில் வேலை செய்த யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆகவே தங்கள் தலைமையில், முகத்துவாரத்தோடு தொடர்புடைய எல்லாத் துறைகளும் ஏற்கும் வகையில், மூன்றாண்டுக்கு ஒரே எழுத்துபூர்வ அனுமதியைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் பொறுப்பும் தங்களிடமே இருப்பதால், துறைகளை ஒரே மேசைக்கு அழைக்கத் தங்களால் முடியும். எந்த மாதம் எந்தப் பகுதியில் எத்தனை பேர் வரை இறங்கலாம், எந்த மாதம் யாருமே இறங்கக் கூடாது என்பது அந்த அனுமதியிலேயே ஓத அட்டவணையோடு வரையறுக்கப்பட வேண்டும். எங்கே கன்று நடக் கூடாது என்பதும் எழுதப்பட வேண்டும்: திறந்த சேற்றுப் படுகை முழுவதையும் கன்றுகளால் நிரப்பினால் பறவைகளின் மேய்ச்சல் போய்விடும், ஆமை ஏறும் மணலில் சவுக்கு நடுவது அதைவிடக் கேடு. பணி நடக்கும் நாளில் அள்ளிய குப்பை அன்றே அகற்றப்படுவதை உறுதிசெய்ய, பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலர் பொறுப்பேற்க வேண்டும்.

நிதிக்குத் தங்கள் மேற்பார்வையில் தனிக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு நன்கொடைக்கும், அது சிறு தொகையாக இருந்தாலும், வருமான வரிச் சலுகைக்குத் தகுதியான ரசீது தரப்பட வேண்டும். வரவு செலவு மாதந்தோறும் தமிழில், கரையிலேயே ஒரு பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். இணையத்தில் மட்டும் போட்டால் கரையில் இருப்பவர்களுக்கு அது எட்டாது. வரும் நிதியில் ஒரு பங்கு நட்டதைப் பேணுவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். நிதி தரும் நிறுவனங்களின் விளம்பரப் பலகை படுகையில் நிற்கக் கூடாது. மக்கள் பங்கோடு அரசும் பங்கிடும் நமக்கு நாமே திட்டம் போன்ற வழியில் இந்தக் கணக்கில் சேரும் தொகைக்கு அரசின் பங்கும் கிடைக்குமானால் பேருதவியாக இருக்கும்.

படகு தந்து, தொழிலுக்குப் போகாமல் எங்களுக்கு வழிகாட்டும் மீனவருக்கு அந்நாளின் கூலி இந்தக் கணக்கிலிருந்து தரப்பட வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சம்பளம் வாங்கும் ஒருவர் விடுமுறை நாளில் தன் நேரத்தைத் தருவதும், அன்றாடம் கடலை நம்பி வாழ்பவர் ஒருநாள் வருமானத்தை இழப்பதும் ஒன்றல்ல. கணக்கை மேற்பார்க்கும் குழுவில் இருகரை மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும், பார்வையாளர்களாக அல்ல.

மேலும் ஒன்று. ஆற்றைச் சீரமைப்பது என்றாலே கரையில் குடியிருக்கும் ஏழைகளை வெளியேற்றுவது என்ற அச்சம் இங்கே ஆழமாக இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு மாற்றப்பட்டன. தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் குலைந்தன. நாங்கள் திரட்டும் ஒரு ரூபாயும், எங்கள் பெயரில் தயாராகும் ஒரு வரைபடமும் யாரையும் வெளியேற்றுவதற்கான ஆதாரமாகப் பயன்படுத்தப்படாது என்ற உறுதி அனுமதி உத்தரவிலேயே இடம்பெற வேண்டும். அது இல்லாமல் கரைவாழ் மக்கள் எங்களோடு சேரமாட்டார்கள். சேரும்படி கேட்க எங்களுக்கும் மனம் வராது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நாற்றங்காலுக்கு இடம் தேர்வாக வேண்டியிருக்கிறது. எனவே சம்பந்தப்பட்ட துறை அலுவலர்களையும் இருகரைப் பிரதிநிதிகளையும் அழைத்து ஒரு கூட்டத்தை விரைவில், முடிந்தால் முகத்துவாரக் கரையிலேயே, ஓதம் வற்றும் ஒரு காலையில் நடத்தித்தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் வரைவு அட்டவணையையும் செலவு மதிப்பீட்டையும் அப்போது நேரில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அடையாறு முகத்துவார இருகரை மக்கள் மற்றும் தன்னார்வலர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்