செயினை மாற்றும் முன் ஸ்கேலை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மிச்சமாகும் காசில் ரோடு பைக்கில் (சாலையில் வேகமாக ஓட்டும் கியர் சைக்கிளில்) எதை மாற்றலாம் என்று யாராவது கேட்டால், கடைக்காரர் முதலில் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது செயின்தான். வீல்செட் வாங்க லட்சம் வேண்டும். செயினுக்குச் சில ஆயிரம் போதும். அதுவும் பொன்னிறத்தில் மின்னுகிறது. தங்கச் செயின் என்றால் நமக்கு எப்போதும் ஒரு சபலம் உண்டே!

விலை கூடிய செயின் வாங்கினால் வண்டி வேகமாகப் போகுமா, செயின் நெடுநாள் உழைக்குமா என்பதுதான் கேள்வி. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய் வருகிறவருக்கு என் பதில்: பெரும்பாலும் காசுக்கேற்ற பலன் இல்லை. அவருக்குப் பலன் தருவது செயினைக் காலத்தில் மாற்றுவது. அதற்கு மேல்தரச் செயின் தேவையில்லை, ஓர் அடி இரும்பு ஸ்கேல் போதும்.

மேல்தரச் செயினில் அப்படி என்ன இருக்கிறது? கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணியான ‘பின்’னைக் குழாய் போல உள்ளே குடைந்திருப்பார்கள். சில கம்பெனிகள் பிளேட்டிலும் நீளவாக்கில் துளையிடும். உராய்வைக் குறைக்கும் பூச்சை எல்லாப் பாகங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 11 வேகச் செயின்களையே (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள வண்டிக்கானவை) எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான 105 வகைக்கான ஹெச்ஜி 601, 114 கண்ணிகளுக்கு 257 கிராம். உச்சத்தில் இருக்கும் டியூரா-ஏஸ் ஹெச்ஜி 901, அதே நீளத்துக்கு 247 கிராம். வித்தியாசம் 10 கிராம், அதாவது பாட்டிலில் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்.

வேகத்தைப் பார்ப்போம். சுத்தமாக எண்ணெய் போட்ட நல்ல கம்பெனிச் செயின்களுக்குள் ஒன்றிரண்டு வாட் வேறுபாடு வரலாம். 200 வாட் போட்டு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 2 வாட் மிச்சமானால் சக்தியில் ஒரு சதவீதம். காற்றை எதிர்த்துப் போகும்போது தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் மடியாக ஏறுவதால், வேகத்தில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். 100 கி.மீ. தூரத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 40 விநாடி. டீக்கடையில் சில்லறை வாங்கும் நேரம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் செயின் தான் வாங்கும் சக்தியில் அதிகபட்சம் 98.6 சதவீதத்தைக் கடத்துவதாகக் கண்டார்கள். அந்த அளவில் இழப்பு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அந்த நிலையில் எந்த விலைச் செயினானாலும் இந்த ஒன்றரைக்குள்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். பல்சக்கரம் பெரிதாக இருந்தால் இழப்பு குறைகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. கண்ணி குறைவாக மடங்குவதால் உராய்வும் குறைகிறது. ஆகவே சமதரையில் பெடலோடு சுழலும் சின்ன முன்பல்சக்கரத்தையும் 11 பல் பின்பல்சக்கரத்தையும் மாட்டிக்கொண்டு மிதிப்பவர், அதே கியர் விகிதத்தைப் பெரிய முன்பல்சக்கரத்தில், நடு அளவுப் பின்பல்சக்கரத்தோடு பிடித்தாலே போதும், செலவில்லாமல் ஒரு லாபம் கிடைத்துவிடும்.

இனி தேய்மானம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். பிளேட் ரப்பர் போல நீளுவதில்லை. பின்னும், அது சுழலும் உள்பிளேட்டின் விளிம்பும் ஒன்றையொன்று தேய்த்து இடைவெளி விடுகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு கூடி, நூற்றுப்பத்து மூட்டு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் நீளம் வந்துவிடுகிறது. 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்த புஷ் ரோலர் செயினில் பின்னுக்கும் ரோலருக்கும் நடுவே தனியாக ஒரு புஷ் இருந்தது. இன்றைய ரோடு பைக் செயினில் அது கிடையாது. உள்பிளேட்டிலேயே குட்டையாக ஒரு கழுத்து தூக்கி விட்டிருக்கிறார்கள், ரோலர் அதன்மேல் உருளும். இதனால் செயின் பக்கவாட்டில் நன்றாக வளைகிறது, கியர் மாற்றம் சுலபம். ஆனால் எண்ணெய் போகும் வழியாகவே மணலும் போகிறது. தேய்மானம் நடப்பது இந்த உள்மூட்டில். வெளிப்பிளேட்டின் பொன்னிறத்தால் அதற்கு ஒரு பயனும் இல்லை.

அளக்கும் முறை இது. ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், எனவே 24 கண்ணிக்கு 12 அங்குலம். செயினின் மேல்பகுதி இழுவையில் இருக்கும்படி பெடலை ஒரு கையால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் இடது விளிம்பில் வையுங்கள். 24 கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் இடது விளிம்பு, புதுச் செயினானால் 12இல் நிற்கும். அரை நூல், அதாவது பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது. 11, 12 வேக வண்டிக்கு மாற்றும் நேரம் அதுவே. 8, 9, 10 வேக வண்டி முக்கால் சதவீதம் வரை தாங்கும். ஒரு நூல் தாண்டிவிட்டதா? அது ஒரு சதவீதம். செயினோடு கேசட்டும் (பின்வீலின் பல்சக்கர அடுக்கு) பெரும்பாலும் போயிருக்கும்.

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், வெயிலில் வளைந்திருக்கும். கடைகளில் விற்கும் தேய்மான கேஜ் வசதிதான், ஆனால் அதிலும் ஒரு பிசகு உண்டு. இரண்டு முனை மட்டும் உள்ள கேஜ் ரோலரின் ஆட்டத்தையும் சேர்த்து அளந்துவிடும். இன்னும் ஆயிரம் கி.மீ. ஓடக்கூடிய செயினைக்கூடக் ‘காலி’ என்று காட்டும். மூன்று இடத்தில் தொடும் கேஜ், உதாரணத்துக்கு ஷிமானோவின் டிஎல்-சிஎன் 42, ரோலர்களை ஒரே பக்கம் தள்ளி அளப்பதால் நம்பலாம்.

இப்போது காசுக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், சாதாரண 11 வேகச் செயின் 2,200, மேல்தரம் 4,500, 105 தரக் கேசட் 5,000, முன்பல்சக்கர ஜோடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு செயின் 4,000 கி.மீ. ஓடுவதாகவும் கொள்வோம். 12,000 கி.மீ. ஓட மூன்று சாதாரணச் செயினும் ஒரு கேசட்டும் சேர்த்து 11,600, கி.மீ.க்கு ஒரு ரூபாய்கூட வராது. அதே மூன்றையும் மேல்தரத்தில் வாங்கினால் 18,500. அடுத்தது ‘சத்தம் வரட்டும், அப்போது பார்க்கலாம்’ வகை. ஒரே செயினை 12,000 வரை இழுத்தால் செயின், கேசட், முன்பல்சக்கரம் மூன்றும் சேர்ந்து போகும், 15,200. மேல்தரச் செயின் கட்டுப்படியாக வேண்டுமென்றால் சாதாரணச் செயினைப் போல இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ஒரே கம்பெனியின் கீழ்த்தரத்துக்கும் மேல்தரத்துக்கும் அவ்வளவு இடைவெளியை நான் எதிர்பார்க்க மாட்டேன். உள்ளே குடைந்த ‘பின்’ எடையைத்தான் குறைக்கும், தேய்மானத்தைக் குறைக்காது.

கூடுதல் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு, சென்னையோ தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ, துருத் தடுப்புப் பூச்சுள்ள செயின் பயன்படும். கேஎம்சியின் இபிடி வகை ஓர் உதாரணம். பூச்சே இல்லாத மட்டச் செயின் மழையில் நனைந்து ஒரு ராத்திரி நின்றாலே செம்பட்டை ஏறிவிடும். பந்தயத்துக்குப் போகிறவருக்கு 40 விநாடி பெரிது, அவர் வாங்கட்டும். டியூரா-ஏஸ் செயின் தள்ளுபடியில் 105 விலைக்கே கிடைத்தால் நீங்களும் வாங்குங்கள், ஷிமானோவின் 11 வேக வண்டி எல்லாவற்றிலும் அது பொருந்தும்.

12 வேகத்தில் பொருத்தம் பார்ப்பது கட்டாயம். ஷிமானோ 12 வேக ரோடு வண்டிக்கும் மலை சைக்கிளுக்கும் செயின் ஒன்றே. அல்டெக்ரா (ரோடு) வண்டிக்கு எக்ஸ்டி (மலை சைக்கிள்) பெட்டியில் செயின் கொடுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்ராம் கம்பெனியின் ஏஎக்ஸ்எஸ் கியர் உள்ள ரோடு வண்டிக்கு மேல்விளிம்பு தட்டையான ஃப்ளாட்டாப் செயின்தான். அதன் ரோலர் பருமனானது, வேறு செயின் அந்த வண்டியின் பல்லில் சரியாக உட்காராது.

மாட்டும்போது நடக்கும் தவறுகளால் போகும் காசும் கொஞ்சமல்ல. முதலில் நீளம். பெரிய முன்பல்சக்கரம் 50 பல், பெரிய பின்பல்சக்கரம் 34 பல், பின்சட்டக நீளம் (பெடல் அச்சிலிருந்து பின்வீல் அச்சு வரை) 410 மில்லிமீட்டர் உள்ள வண்டிக்குக் கணக்குப்படி 55 அங்குலம், 110 கண்ணி. புதுச் செயின் 116 கண்ணியோடு வந்தால் ஆறு வெட்ட வேண்டும். பலர் பழைய செயினையும் புதுச் செயினையும் ஆணியில் சேர்த்துத் தொங்கவிட்டு அளந்து வெட்டுகிறார்கள். ஒரு சதவீதம் தேய்ந்த பழைய செயின் 55 அங்குலத்தில் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்குமே! ஒரு கண்ணி பிசகிவிடும். எண்ணித்தான் வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் பெரிய-பெரிய சக்கரக் கூட்டணியில் கியர் மாற்றும் டெரெய்லரை இழுத்து, அதைத் தாங்கும் ஹேங்கரை முறித்துவிடும்.

இரண்டாவது, டெரெய்லர் கூண்டில் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே நகம் போல ஒரு சின்னத் தகடு இருக்கும். செயினை அதன் தவறான பக்கமாகக் கோத்துவிட்டால் வண்டி ஓடும், ஆனால் கரகரவென்று அரைக்கும். ‘புதுச் செயின் சத்தம் போடுகிறது’ என்று திருப்பிக் கொண்டுவந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் துள்ளினால் அது வேறு கதை. வெட்டி இணைத்த இடத்தில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. இரு பக்கமும் விரலால் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் அசைத்தால் விட்டுக்கொடுக்கும்.

செயினின் இரு முனையையும் பூட்டும் குயிக் லிங்க்கை மேல்பகுதியில் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார வேண்டும். ஷிமானோவின் 11 வேக லிங்க்கை ஒருமுறை கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது. அதன்பின் கேசட்டின் நடுச் சக்கரங்களில், 15, 17, 19 பல் உள்ளவற்றில், நின்று அழுத்தி மிதித்துப் பாருங்கள். புதுச் செயின் ஸ்லிப் ஆனால் குற்றம் கேசட்டுடையது. நாம் அதிகம் ஓட்டுவது அந்தச் சக்கரங்களில்தான், அவற்றின் பற்கள்தான் கொக்கி போல வளைந்திருக்கும்.

செயின் எவ்வளவு விலையாக இருந்தாலும் எண்ணெயில் கோட்டை விட்டால் ஆயுசு பாதி. என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும், மணலோடு சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். செயின் எண்ணெயை ரோலர் ஒன்றுக்கு ஒரு சொட்டாகக் கீழ்ப்பகுதியின் உள்பக்கத்தில் விடுங்கள். 110 சொட்டு, 5, 6 மில்லிதான் ஆகும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பனியன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தை வறண்டு போகும்வரை துடைத்துவிடுங்கள். மணலைக் கூட்டி வருவது வெளியே மினுமினுக்கும் எண்ணெய்தான்.

மெழுகுக்கு மாறுவது, என் கணிப்பில், செயினை மாற்றுவதைவிட நல்ல ‘அப்கிரேட்’. புதுச் செயினில் கம்பெனி கிரீஸ் இருக்கும். அதை மூடி போட்ட பாட்டிலில் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, திரவம் தெளியும்வரை மூன்று முறை கழுவி, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசிக் காயவிடுங்கள். கிரீஸ் மிச்சமிருந்தால் மெழுகு ஒட்டாது. அரை கிலோ பாரஃபின் மெழுகைக் கொதிநீரில் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள். அடுப்பில் நேராக வைத்தால் தீப்பிடிக்கும். குமிழி நிற்கும்வரை கால் மணி நேரம் செயினை ஆட்டி ஊறவைத்து, மெழுகின் மேல் மெல்லிய ஆடை படரத் தொடங்கும்போது எடுங்கள், சூட்டிலேயே எடுத்தால் பாதி வழிந்துவிடும். ஆறியதும் குச்சி மாதிரி விறைத்திருக்கும், ஒவ்வொரு கண்ணியாக மடக்கிவிட்டுப் பூட்டுங்கள். வறண்ட சாலையில் சுமார் 300 கி.மீ. தாங்கும், கையில் கறை படாது. ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருப்பதால், மறுபடி பூட்டக்கூடிய குயிக் லிங்க்காகப் பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எண்ணெய்க்கே திரும்பிவிடலாம். மழையில் மெழுகு கரையாது, ஆனால் பின்னுக்குள் தண்ணீர் புகுந்தால் துருவைத் தடுக்காது.

தங்கள் நாளிதழ் வழியாகச் சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸ் பில்லில் ‘செயின் செக்’ என்று எழுதிப் பணம் வாங்குகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் அளந்த எண்ணையும், அன்றைக்கு ஓடியிருந்த கிலோமீட்டரையும் எழுதிக் கொடுங்கள். 0.3 என்று எழுதியிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த மாதம் வரட்டும். 0.5 என்றால் அன்றே சாதாரணச் செயின் ஒன்றை விற்றுவிடலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுநீக்கும் வாசகர்,
திருவான்மியூர், சென்னை