தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் வேண்டும்

கடலூர் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் 45 வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வயது 39. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் (வலைக்கு இரு பக்கமும் நின்று பந்தைப் பிடித்து வீசுகிற ஆட்டம்) ஆடியவள். பத்தாம் வகுப்போடு அது நின்றுபோனது. போன வருடம் மகளிர் தினத்தை ஒட்டி ஓர் இடத்தில் பெண்களுக்கு த்ரோபால் போட்டி என்று நோட்டீஸ் பார்த்தோம். கடையில் ஏழு பேர் சேர்ந்து, தலைக்கு நூறு ரூபாய் போட்டு நுழைவுக் கட்டணம் கட்டினோம். மூன்று வாரம் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, எங்கள் தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே கொடிக்கயிற்றைக் கட்டிப் பழகினோம். பால் வேன் வந்தால் ஒரு முனையை அவிழ்த்துவிட்டு, அது போனதும் திரும்பக் கட்டுவோம்.

புடவை செக்‌ஷனில் நிற்கிற அக்காவுக்கு 46 வயது. முதல் இரண்டு நாள் பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வாரம் உடம்பில் படாமல் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, மூன்று நொடிக்குள் திருப்பி வீசினார். வீசிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், கூட வேலை பார்த்த பதினோரு வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்கு என்று கட்டிக்கொண்டு போன புளியோதரையைக் காலை ஒன்பதரைக்கே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இவ்வளவுதானா? இனிமே அடுத்த மார்ச் மாசம்தானா?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஊரில் போட்டிகளுக்குக் குறைவில்லை. டென்னிஸ் பந்து கிரிக்கெட், மின்னொளி கபடி, கைப்பந்து என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் தோற்றால் வெளியே என்ற கணக்குதான். எட்டு அணி வந்தால் மொத்தம் ஏழு ஆட்டம். நாலு அணி ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அதே எட்டு அணியை லீக் முறையில், அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியோடும் ஒருமுறை மோதும்படி, ஆடவிட்டால் 28 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் ஏழு. வாரத்துக்கு நாலு ஆட்டம் வைத்தால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். கடைசி இடத்தில் இருக்கும் அணியும் ஏழாவது வாரம் வரை ஆடும். எனக்கு வேண்டியது அந்த ஏழாவது வாரம்தான்.

தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நல்ல முயற்சி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதில் பொதுமக்கள் பிரிவுக்கு வயது 15 முதல் 35 வரை. நம் ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குக் கால்பந்து ஆடியிருக்கிறார் என்று நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது. அவரைப் போல வரத் துடிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தேர்வும் வேண்டும், அது இருக்கட்டும். 35 வயதுக்கு மேலே இருக்கிறவர்கள் எங்கே போவது? சர்க்கரை வருகிற வயது அதுதானே. 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. ஆற்றைத் தாண்டினால் வரும் புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேர். வாரம் 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டரும் "நடங்க" என்கிறார். தனியாக நடக்க நாலு நாளில் அலுத்துவிடுகிறது. ஆறு பேர் நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், மழைத் தூறலிலும் கிளம்பிவிடுகிறோம்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம், டர்ஃப், இருக்கிறதே என்பீர்கள். நாங்கள் விசாரித்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய். இளைஞர்கள் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் சம்பளத்தில் மாதா மாதம் அது முடியாது.

புது ஸ்டேடியம் எதுவும் கட்டித் தர வேண்டாம். அரசியல் சட்டத்தின் 12வது அட்டவணையில் பூங்கா, விளையாட்டு மைதானம் எல்லாம் நகர உள்ளாட்சியின் பணிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பணியில் ஒரு கால அட்டவணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். எந்த மைதானம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை லீக்குக்கு என்று எழுத்தில் ஒதுக்குங்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைத் திறக்க வழி செய்யுங்கள். அண்ணா விளையாட்டரங்கத்துக்கு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நீங்கள் பேசினால் எடுபடும், நாங்கள் பேசினால் மனுவாகத்தான் இருக்கும். கோடு போடச் சுண்ணாம்பு, இரண்டு விளக்கு, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெயர் பதிய ஓர் ஊழியர். அப்புறம் கழிப்பறை. திறந்திருக்கிற, தண்ணீர் வருகிற கழிப்பறை. அது இல்லாத மைதானத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் ஆடுவார்கள். நாங்கள் அன்றைக்கு அப்படித்தான் ஆடினோம்.

கட்டணம் இலவசமாக வேண்டாம். தலைக்கு மாதம் ஐம்பது ரூபாய் வையுங்கள். அணிக்குப் பத்துப் பேர், எட்டு அணி என்றால் நாலாயிரம் ரூபாய். நடுவராக வரும் பி.இ.டி. ஆசிரியர்களுக்கு வாரம் ஆயிரம் கொடுக்க அது போதும். வலையும் பந்தும் வாங்க நமக்கு நாமே திட்டமோ ஊர்க் கடைக்காரர்களோ உதவலாம்.

நேரத்தை மட்டும் எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தால் எங்களைப் போன்ற கடை ஊழியர்கள் யாரும் வர முடியாது. அன்றைக்குத்தான் கூட்டம், எங்களுக்கு வார விடுமுறை செவ்வாய். தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை ஆகாது. சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வாரா வாரம் மாறும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னிவிட்டு மாலையில் மணலில் கைப்பந்து ஆட அவர்களைக் கூப்பிட வேண்டுமா என்ன? அந்த 61 நாளில் ஒரு குப்பத்துக்கு ஓர் அணி என்று லீக் வைத்தால், முடிவது தெரியாமல் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட்டு, தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா முடிந்த கையோடு தொடங்கலாம்.

இது எங்கும் இல்லாத ஆசை இல்லை. லண்டனில் ஹாக்னி மார்ஷஸ் என்று ஒரு பெரிய வெளி. ஒரு காலத்தில் அங்கே நூறுக்கும் மேற்பட்ட கால்பந்து ஆடுகளங்கள் இருந்தன. அந்தப் பகுதி நகராட்சிதான் அதைப் பராமரித்து வாடகைக்கு விடுகிறது. ஞாயிறு காலையில் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள் வந்து லீக் ஆடுகிறார்கள். நமக்கு நூறு வேண்டாம். இந்த வருடம் மூன்று மைதானம், மூன்று வகை விளையாட்டு போதும்.

2022 நவம்பர் 1ல், உள்ளாட்சி தினத்தன்று, தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள், அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் கூட்டங்கள், கூடின. எங்கள் பகுதியில் அடுத்த சபை எப்போது என்று சொல்லுங்கள். ஏழு பேர் இப்போது பதினான்கு பேர் ஆகிவிட்டோம். பெயர், வயது, தெரு எல்லாம் எழுதி, பதினான்கு கையெழுத்தோடு பட்டியல் தயாராக இருக்கிறது. அக்காதான் முதல் கையெழுத்து. செவ்வாய்க்கிழமையாக இருந்தால் எல்லோரும் வருவோம், வேறு நாளாக இருந்தால் நான் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடை ஊழியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்